ஈரல்ல கல்லு

மூணு மாசமா இந்தப் பக்கம் வர முடியல. மஞ்சக் காடு எப்படி இருக்குன்னு சில பேர் கேட்டிருந்தீங்க. காடு நல்லாத்தான் இருக்கு. வீட்டுலதான் சரியில்லாமப் போச்சு.

ஆடியில இருந்தே வீட்டுக்காரிக்கு அப்பப்போ குளிர்க்காய்ச்சல், மேல்வயித்துல வலி, கண்ணு மஞ்சள். காமாலைன்னு நானே வரப்புல கீழாநெல்லி பறிச்சு மோருல அரைச்சுக் குடுத்தேன். ரெண்டு தடவை காய்ச்சல் தானா இறங்குச்சு. அது மருந்தோட வேலைன்னு நெனச்சது என் தப்பு. மூணாவது தடவை பேச்சு தடுமாறுன பிறகுதான் கார் பிடிச்சோம்.

ஸ்கேன்ல ஈரலுக்குள்ள கல்லு. 2003-லயே வயித்தைத் திறந்து பித்தப்பையை எடுத்தாச்சே, அப்புறம் எப்படின்னு சண்டைக்குப் போற மாதிரி கேட்டேன். டாக்டர் தாள்ல படம் போட்டுக் காட்டினார். பித்தம் ஊறுறது ஈரல்ல, பை வெறும் தொட்டிதான். உள்ள ஓடுற குழாய் சுருங்கி, பித்தம் தேங்கி, கிருமி சேர்ந்தா அங்கேயே கல்லு கட்டுமாம். வாய் வழியா குழாய் விட்டுக் கீழே இருந்த கல்லை எடுத்தாங்க. சுருக்கத்துக்கு அந்தாண்ட இருந்தது எட்டல. இடதுபக்க ஈரல் சூம்பிருச்சு, விட்டா காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும், பின்னால புத்துநோய்கூட வரலாம், அந்தத் துண்டை வெட்டிடணும்னாங்க. மிச்ச ஈரல் வளர்ந்து ஈடு கட்டிக்குமாம்.

எப்படி வெட்டறதுங்கறதுலதான் குழப்பம். ஒரு டாக்டர் திறந்து பண்ணலாம்னார். பழைய ஆபரேசன்ல உள்ள எல்லாம் ஒட்டியிருக்கும், கையில தொட்டுப் பார்த்துச் செஞ்சா எனக்கு தைரியம்னார். இன்னொருத்தர் லேப்ராஸ்கோப்பினார். நாலஞ்சு துளை, வயித்துக்குள்ள காத்தடைச்சு கேமரா விட்டு வெட்டி, துண்டைப் பையில போட்டு அடிவயித்துச் சின்னக் கீறல் வழியா எடுத்துருவோம். வலி கம்மி, சீக்கிரம் நடக்கலாம், ஆனா முடியலைன்னா நடுவுல திறந்துருவோம், அதுக்கும் இப்பவே கையெழுத்து போடுங்கன்னார்.

எனக்குத் திறக்கறதுதான் சரின்னு பட்டுச்சு. அவ ஒத்துக்கல. "ஏனுங்க, போன தடவை தும்முனாக்கூட உசிரு போச்சுங்க. கிழிக்காமப் பாக்க வழியிருந்தா அதைப் பண்ணட்டும்." வயிறு அவளோடது. போட்டுட்டேன்.

ஐப்பசியில ஆபரேசன். ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு நர்ஸம்மா வெளிய வந்து, குடல் ஈரலோட ஒட்டியிருக்கு, திறக்கறாங்கன்னுச்சு. அந்த பெஞ்சுல நான் உட்கார்ந்திருந்ததை எழுதத் தெரியல. கீழாநெல்லிதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஆடியிலயே கூட்டிட்டு வந்திருந்தா? அதைக் கேட்டேன், டாக்டர் நேரா பதில் சொல்லல.

எடுத்த கல்லைக் காட்டினாங்க, காப்பித்தூள் நெறத்துல கையில நசுங்குற மாதிரி. பதினோரு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தோம். இப்ப வயித்துல துளைத் தழும்பும் இருக்கு, கீறலும் இருக்கு. அவகிட்ட வருத்தமில்ல, "முயற்சி பண்ணித்தானே திறந்தாங்க"ங்கறா. முதல் டாக்டர் பேச்சைக் கேட்டிருக்கலாமோன்னு எனக்குத்தான் ராத்திரில ஓடுது.

கனம் தூக்கக் கூடாதுன்னிருக்காங்க. நேத்து நான் காட்டுல இருந்து வர்றதுக்குள்ள எருமைக்குத் தட்டுக்கட்டைத் தூக்கிப் போட்டுட்டு, கேட்டா பக்கத்து வீட்டுப் பையன் போட்டான்ங்கறா. அடுத்த மாசம் ஸ்கேன் இருக்கு. மஞ்ச வெட்டுக்கு ஆள் சொல்லியாச்சு.