உறங்கிய நரம்புகள்

ஐரோப்பிய அரசவைகளில் ஒருகாலத்தில் கோலோச்சிய நரம்புக்கருவி வயலா ட காம்பா. கால்களுக்கிடையே தாங்கி, வில்லால் இசைப்பர். செல்லோவின் உரத்த குரலுக்குமுன் அதன் மென்குரல் 18ஆம் நூற்றாண்டில் ஒடுங்கிற்று. இசையோ ஏடுகளில் உறங்கிற்று.

1941இல் கட்டலோனியாவில் பிறந்த ஜோர்டி சவால் பார்சலோனாவில் செல்லோ பயின்றவர். எனினும் அவ்வழியிலேயே நில்லாமல், பலரும் மறந்த காம்பாவை நாடினார்; முதலில் தாமே பழகினார். 1968இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குச் சென்று, அக்கருவியை மீட்க உழைத்த ஆகஸ்ட் வென்சிங்கரிடம் மாணவரானார். பின்னாளில் ஆசிரியரின் இடத்தையே ஏற்றார்.

1991இல் வெளியான பிரெஞ்சுத் திரைப்படமொன்றில் அவர் மீட்டிய மாரின் மரேயின் இசை, காம்பாவை அறியாதோர் செவிகளையும் எட்டியது.

ஏடு கலையைக் காக்கும்; வாழவைப்பதோ பயிலும் கை. அந்தக் கைக்காகவே காம்பா காத்திருந்தது போலும்!