பித்தம் இல்லை, அண்ணா

புதுச்சேரி

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று அண்ணி போனில் பேசியதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. உங்களுக்குக் காலையில் பல் விளக்கும்போதே ஓங்கரிப்பு, மத்திக் குழம்பு வாசனை வந்தாலே எழுந்து போய்விடுகிறீர்கள், ரெண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை என்று சொல்லி அழுதார்கள். நீங்களோ "பித்தம், தானே போயிடும்" என்கிறீர்களாம். கீழவாஞ்சூர்க் கரையில் வலை பிரிக்கும்போதே நின்று மீன் வாங்குகிற ஆளுக்கு மீன் வாசனை ஆகவில்லை என்றால், அதைப் பித்தம் என்று விட எனக்கு மனசு வராது. போனில் சொன்னால் சரி சரி என்று வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதி என் பையன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இருதய வார்டில் நர்ஸாக நின்றவள் சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் மருந்துச் சீட்டில் டிகாக்சின் இருக்கிறது. தளர்ந்த இருதயத்துக்குப் பலம் தருகிற பழைய மருந்து. 1785-லேயே வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய டாக்டர் இந்த வகை மருந்து கிடைக்கும் செடியைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார். நம் வேலியோரத்து மஞ்சள் அரளியின் விஷமும் இதே இனம்தான். நன்மை செய்கிற அளவுக்கும் கெடுதல் செய்கிற அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. கொஞ்சம் மிஞ்சினாலும் பசி போகும், குமட்டும். சிலருக்குப் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும், நாடி மெதுவாகும். சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து வெளியேறாமல் உடம்பில் தேங்கும். நீர் பிரியப் போடும் லாசிக்ஸ் பொட்டாசியத்தை இறக்கிவிட்டால் வழக்கமான அளவே அதிகமாகிவிடும். சனி, ஞாயிறு விட்டு வாரம் 5 நாள் போடச் சொன்னார்களே, அப்படித்தான் போடுகிறீர்களா? அண்ணியிடம் அட்டையில் மாத்திரையை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்துதான் காரணம் என்றும் இல்லை. இருதயம் சரியாக இறைக்காவிட்டால் ஈரலிலும் குடலிலும் நீர் கோத்துக்கொள்ளும், நாலு வாயிலேயே வயிறு நிரம்பிவிடும். கால் வீங்கி எடையும் ஏறினால் அப்படித்தான் சந்தேகப்பட வேண்டும். தினம் காலையில் பாத்ரூம் போய் வந்ததும் எடை பார்த்து காலண்டரில் எழுதி வையுங்கள்.

கடையில் வாந்தி மாத்திரை கேட்டு வாங்கிப் போடாதீர்கள். வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன் இருதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கலாம் என்று 2014-ல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இருதயம் தளர்ந்தவர்களுக்கு அது கூடாது என்றது. வாய்க்கு நன்றாயிருக்கிறதென்று உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ், கருவாடு, ஊறுகாய் எதுவும் வேண்டாம், உப்பு நீரைத் தேக்கும். சூடாகச் சாப்பிடாமல் ஆறின இட்லியோ கஞ்சியோ கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து வேளையாகச் சாப்பிடுங்கள். தாளிக்கும் நேரத்தில் திண்ணையில் உட்காருங்கள். சாப்பிட்டதும் படுக்காதீர்கள். குமட்டலோடு நெஞ்சு இறுகினாலோ, வேர்த்துக் கொட்டினாலோ, மயக்கம் வந்தாலோ யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதைக் கொண்டு வருகிற பையன் நாளைக் காலை உங்களைக் காரைக்கால் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவான். எல்லா மாத்திரை அட்டையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். டிகாக்சினை அன்றைக்கு ரத்தம் எடுத்த பிறகு, டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். டிகாக்சின் அளவு, பொட்டாசியம், கிரியேட்டினின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு ஈசிஜியும். மற்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். அண்ணியையும் கூட்டிப் போங்கள். ராத்திரி எனக்குப் போன் போடுங்கள், காத்திருப்பேன்.

உங்கள் அன்புத் தங்கை