குமாமோட்டோவின் பந்து விருந்து

கல்யாண வீட்டுக்காரர்களுக்கு யாராவது அழைப்பிதழ் வைக்கிறார்களா? பந்தியில் அவர்களுக்கு இலை உண்டா என்று யாரும் கேட்பதும் இல்லை. உலக விளையாட்டுப் பந்தயங்கள் பலவற்றிலும் இதே வழக்கம்தான். பந்தயத்தை ஏற்று நடத்தும் நாட்டுக்கு ஓர் இடம் தானாகவே கிடைத்துவிடும். "அப்படியானால் அது ஓசி இடந்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். ஜப்பானில் உள்ள குமாமோட்டோ நகரத்துக்கு ஒரு நடை போய் வந்தால் அதற்குப் பதில் கிடைக்கும். வாருங்கள், போகலாம்.

ஜப்பானின் தென்மேற்குக் கோடியில் க்யூஷு என்று ஒரு பெரிய தீவு. அதன் நடுவே இருக்கிறது குமாமோட்டோ. வடக்கே ஹகாட்டா ஸ்டேஷனில் புல்லட் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்து இறங்கிவிடலாம். வாசலிலேயே டிராம் நிற்கும். கடைக்குக் கடை, கன்னம் சிவந்த ஒரு கறுப்புக் கரடி பொம்மை உங்களைப் பார்த்து முழிக்கும். அதுதான் குமாமோன், இந்த வட்டாரத்தின் செல்லப் பிள்ளை. ஊரின் இன்னொரு விசேஷம் தண்ணீர். குழாயைத் திறந்தால் வருவது முழுக்க முழுக்க நிலத்தடி நீர்!

டிராமில் போகும்போதே கோட்டை கண்ணில் படும். கட்டோ கியோமாசா என்ற பிரபு 1607-ல் கட்டி முடித்த கோட்டை அது. 2016 ஏப்ரல் 14-ந் தேதி இரவு பூமி குலுங்கியது. ஜனங்கள் மூச்சு விடுவதற்குள், 16-ந் தேதி விடியுமுன் அதைவிடப் பெரிய பூகம்பம் ஒன்று வந்தது. பக்கத்திலுள்ள மஷிகி என்ற சிற்றூர் அந்த இரண்டு அடிகளையும் தாங்க வேண்டியிருந்தது. கோட்டை மதில்கள் சரிந்தன. கூரை ஓடுகள் கொட்டின. ஒரு மாடக் கட்டடம் ஒற்றை வரிசைக் கற்களைப் பிடித்துக்கொண்டு தவித்து நின்ற காட்சியைப் பத்திரிகைகளில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட ஊர் ஏற்கெனவே ஒரு பொறுப்பை ஒப்புக்கொண்டிருந்தது. 2019-ல் பெண்களின் உலக ஹாண்ட்பால் பந்தயத்தை நடத்தும் பொறுப்பு! வீடு இழந்தவர்கள் தற்காலிகக் குடியிருப்புகளில் இருக்கும்போது விருந்தாளிகளைக் கூப்பிடலாமா? எந்த இல்லத்தரசியும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் குமாமோட்டோ சொன்ன சொல்லைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஹாண்ட்பால் என்றதும், நம் பள்ளிகளில் கைப்பந்து என்று சொல்லும் வாலிபாலை நினைத்துவிடாதீர்கள். இது வேறு. 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள தரையில், பக்கத்துக்கு ஏழு பேர். அவர்களில் ஒருத்தி கோல் காப்பவள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் ஓடக் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. அதற்குள் தரையில் தட்ட வேண்டும், அல்லது தோழிக்கு வீச வேண்டும், அல்லது கோலை நோக்கி எறிய வேண்டும். ஒரு மணி நேர ஆட்டத்தில் கண் இமைத்தால் ஒரு கோல் போய்விடும்!

சரி, ஓசி இடத்தின் கதைக்கு வருவோம். 2018-ல் ஒத்திகை பார்ப்பதுபோல், பெண்களுக்கான ஆசியப் பந்தயமும் குமாமோட்டோவிலேயே நடந்தது. இறுதி ஆட்டம் வரை வந்த ஜப்பான், தென் கொரியாவிடம் தோற்றது. ஆனால் பாருங்கள், அவர்களுக்குப் பின்னால் வந்த சீனாவும் கஸகஸ்தானும்கூட உலகப் பந்தயத்துக்குத் தகுதி பெற்றுவிட்டன. வீட்டுக்காரி என்ற சலுகை இல்லாவிட்டாலும் ஜப்பானுக்கு இடம் கிடைத்திருக்கும் என்பதுதான் இதற்கு அர்த்தம்.

2019 நவம்பர் 30-ந் தேதி 24 நாட்டுப் பெண்கள் களத்தில் இறங்கினார்கள். நகரத்தில் மட்டுமல்ல, யட்சுஷிரோ, யமகா ஆகிய ஊர்களிலும் ஆட்டங்கள் நடந்தன. ஆகஸ்டு மாதத்தில் யமகாவுக்குப் போனால், காகிதத்தில் செய்த தங்க நிற விளக்குகளைத் தலையில் தாங்கிப் பெண்கள் கூட்டமாக ஆடும் திருவிழாவைக் காணலாம். அந்த விளக்குக்கு மரமும் இல்லை, ஆணியும் இல்லை, காகிதமும் பசையுந்தான்! அந்த நாளில் ஓம்ரான் கம்பெனியின் பெண்கள் ஹாண்ட்பால் கோஷ்டிக்கும் யமகாதான் சொந்த ஊர்.

போட்டியிடாமலே இடம் பெற்றவர்கள் இருவர். 2017-ல் வென்ற பிரான்ஸ் ஒருவர். வீட்டுக்கார ஜப்பான் மற்றவர். பிரான்ஸ் 13-வது இடத்தோடு திரும்பியது. 2017-ல் 16-வதாக நின்ற ஜப்பானோ ஒரு காலத்து உலக சாம்பியன் ருமேனியாவைத் தோற்கடித்து, 10-வது இடத்துக்கு ஏறியது. டிசம்பர் 15-ந் தேதி பார்க் டோம் அரங்கில் நடந்த இறுதி ஆட்டத்தில், கடைசி விநாடிகளில் லோயிஸ் அபிங் என்ற பெண் போட்ட பெனால்டி கோலால் நெதர்லாந்து 30–29 என்று ஸ்பெயினை வென்றது. நெதர்லாந்துக்கு அதுவே முதல் உலகப் பட்டம்.

நம் நாட்டுக்கும் இந்த அனுபவம் உண்டு. 2024 டிசம்பரில் டில்லியில் நடந்த ஆசியப் பந்தயத்தில் ஜப்பான் 25–24 என்று தென் கொரியாவை வென்று, பழைய தோல்விக்கு ஈடு செய்துகொண்டது. முதல் நான்கு நாடுகள் உலகப் பந்தயத்துக்குப் போயின. வீட்டுக்கார இந்தியாவுக்கு அந்த நான்கில் இடம் கிடைக்கவில்லை. ஆசியப் பந்தியில் இலை போட்டவர்களுக்கு உலகப் பந்தியிலும் இலை என்று சட்டம் இல்லையே! அதை ஆடித்தான் பெற வேண்டும். நம் பெண்களும் ஒரு நாள் பெறட்டும்.

குமாமோட்டோ கோட்டையின் பிரதான மாடத்துக்குள் 2021-லிருந்து போய் வரலாம். சரிந்த கற்களுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றையும் பழைய இடத்திலேயே பொருத்துகிறார்கள். முழு வேலையும் முடிய 2052 ஆகும் என்று கணக்கு!

போனால், கோட்டையடியில் 'இகினாரி டாங்கோ' வாங்கிச் சாப்பிடுங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இனிப்புப் பயறும் உள்ளே வைத்து ஆவியில் வேகவைத்த பண்டம், நம் கொழுக்கட்டைக்குத் தங்கை. 'இகினாரி' என்றால் 'திடீரென்று' என்று அர்த்தம். விருந்தாளி திடீரென்று வந்து நின்றாலும் செய்து போட்டுவிடலாமாம். வீடு இடிந்த நிலையிலும் 24 நாடுகளுக்கு இலை போட்ட ஊர் அல்லவா? பலகாரத்திலும் அந்த மனசு இருக்கிறது.