விலையும் வயதும்

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மோட்டார் வண்டி ஒன்று என்னிடம் உண்டு. 1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஹெரால்டின் அடிச்சட்டமே மூலம்.

விலை மிகுந்ததே சிறந்ததென எண்ணி, புதுக் கார்களுக்குரிய மெல்லிய 5டபிள்யூ-30 எண்ணெயை ஊற்றினேன். நெடுங்காட்டிலிருந்து காரைக்கால் சேர்ந்து, ஒரு சந்தியில் நின்றபோது எண்ணெய் அழுத்த விளக்கு மினுக்கியது.

“கண் அகன்ற சல்லடையில் உளுந்து நிற்கும், எள் நிற்குமா, சாமி?” என்றார் முதிய மெக்கானிக். தேய்ந்த பேரிங்குகளின் இடைவெளியில், சூடேறிய மெல்லிய எண்ணெய் நில்லாது வழிந்துவிடும். அவர் சொற்படி 20டபிள்யூ-50 ஊற்றினேன்; விளக்கு பின்னர் மினுக்கவில்லை. கேமும் டாப்பெட்டும் தேயாதிருக்கத் துத்தநாகச் சேர்மம் போதிய அளவு உண்டா என்றும் பார்க்கச் சொன்னார். புது எண்ணெய்கள் பலவற்றில் அது குறைக்கப்பட்டுள்ளது.

விலையைப் பார்த்த நான், வண்டியின் வயதைப் பார்க்க மறந்தேன்.