படலையைப் பூட்டினோம், கணினியைத் திறந்துவிட்டோம்

களனி கங்கையின் வடகரையிலே, பேலியகொடையில் குடியிருப்போருக்குப் படலையைப் பூட்டுவது பற்றி எவரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை. மத்திய மீன் சந்தை இங்கேதான் இருக்கிறது. புறக்கோட்டையிலிருந்த மெனிங் சந்தையும் 2020ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தது. நள்ளிரவிலும் லொறிகளும் மனிதர்களும் நடமாடும் ஊர் இது. ஆகவே, இரவு பத்து மணிக்குப் படலையை இழுத்துப் பூட்டி, பூட்டை இருமுறை அசைத்துப் பார்த்த பின்னரே நாம் படுக்கைக்குச் செல்வோம். அத்தகைய நாமே எமது வீட்டின் இன்னொரு வாயிலை மூன்று வாரங்கள் அகலத் திறந்து வைத்திருந்தோம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் நின்றுவிடும் என்ற அறிவிப்பைக் கண்டு, அதற்குச் சில வாரங்கள் முன்னதாக எமது கணினியை விண்டோஸ் 11க்கு மாற்றினோம். மாற்றம் இனிதே முடிந்தது. ஆனால், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் எமது மகள் தன் அறையிலிருந்த மடிக்கணினியிலிருந்து பழைய வினாத்தாளொன்றை அச்சிட முயன்றபோது, கூடத்துக் கணினியோடு பூட்டியிருந்த பிரிண்டர் அவளுடைய கண்ணுக்கே தட்டுப்படவில்லை.

ஆராய்ந்து பார்த்தோம். எமது வீட்டு வலையமைப்பு 'பொது' என்று குறிக்கப்பட்டிருந்தது. அமைப்புகள் பகுதியிலே, இணைந்திருக்கும் வலையமைப்பின் பண்புகளைத் திறந்தால் 'பொது', 'தனிப்பட்டது' என இரண்டு தெரிவுகள் உண்டு. 'தனிப்பட்டது' என்பதைத் தொட்டோம். பிரிண்டர் தோன்றிற்று, ஆயினும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. பிள்ளைக்கோ அவசரம், எமக்கோ பொறுமையில்லை. பகிர்வுக்குக் கடவுச்சொல் வேண்டும் என்ற நிபந்தனையையும் நீக்கிவிட்டோம். வினாத்தாள் அச்சாகி வந்தது. ஏதோ பெருங்காரியம் சாதித்தவர்கள் போல் தேநீர் அருந்தினோம்.

மூன்று வாரங்கள் சென்றன. எமது வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கும் மாணவர் ஒருவர் ஒரு மாலை தயங்கியபடி வந்து நின்றார். எமது வைபையின் கடவுச்சொல்லை நாமே அவருக்குக் கொடுத்திருந்தோம்.

"ஐயா, குறை நினைக்க வேண்டாம். உங்கள் கணினியிலுள்ள கோப்புறை ஒன்று என் கணினியிலும் தெரிகிறது. நான் உள்ளே எதையும் திறக்கவில்லை. ஆனால் திறக்கலாம் போலிருக்கிறது."

எமக்கு வியர்த்துவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் வீட்டாரின் வசதிக்காகப் பகிர்ந்து வைத்த கோப்புறை அது. எல்லோருடைய தேசிய அடையாள அட்டைப் பிரதிகள், வங்கிக் கணக்கு விபரங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மானிப்பாயிலுள்ள எமது தாயாரின் காணி உறுதியின் பிரதி, யாவும் அதனுள்ளே இருந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, உடுத்த சேலையோடு புறப்பட்ட எம் தாயார் காப்பாற்றி வந்த ஒரே சொத்து அந்த உறுதிதான்.

விடயத்தை அறிந்ததும் அவர் கோபிக்கவில்லை. "சாவகச்சேரி மட்டும் மடியிலை கட்டிக்கொண்டு போன உறுதியடா அது" என்று மாத்திரம் சொன்னார். ஏசியிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எமது தவறு எங்கே நிகழ்ந்தது? சொற்களைத் தலைகீழாக விளங்கிக்கொண்டதில்தான். 'பொது' என்றால் எம் பொருள்கள் பொதுவாகிவிடும் என்றும், 'தனிப்பட்டது' என்றால் அவை மறைந்திருக்கும் என்றும் எண்ணினோம். உண்மை வேறு. அச்சொற்கள் நாம் நிற்கும் இடத்தைக் குறிப்பவை. 'பொது' என்றால், நீ சந்தையிலே நிற்கிறாய், மடியை இறுக்கிக்கொள் என்று கணினிக்குச் சொல்வதாகும். அப்போது அது மற்றக் கணினிகளின் கண்ணில் படாமல் ஒதுங்கி நிற்கும். 'தனிப்பட்டது' என்றால், நீ உன் வீட்டில் இருக்கிறாய், சுற்றியுள்ளோர் நம்பத் தக்கவர்கள் என்று பொருள். முன்னைய விண்டோஸ் 7 'வீடு', 'வேலைத்தலம்', 'பொது இடம்' என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டது. அது சற்று எளிதாக விளங்கிற்று.

அன்றிரவே பகிர்வுக்கு மீண்டும் கடவுச்சொல்லை இட்டோம். அந்தக் கோப்புறையின் பகிர்வை நீக்கி, பிரிண்டரை மாத்திரம் விட்டோம். வைபையின் கடவுச்சொல்லை மாற்றினோம். ரவுட்டரிலே விருந்தினருக்கெனத் தனி வலையமைப்பொன்றை அமைத்து, அதையே அம்மாணவருக்குக் கொடுத்தோம். அவர்மீது ஐயங்கொண்டு அல்ல. அவருக்கு இனியொரு சங்கடம் நேரக்கூடாது என்பதற்காகவே.

வாசகர்களே, இயங்குதளத்தை மாற்றிய வீடுகளில் இன்று ஐந்து நிமிடம் ஒதுக்கி இத்தெரிவுகளைப் பார்த்துவிடுங்கள். தேநீர்க் கடையிலோ, பேருந்து நிலையத்திலோ, விடுதியிலோ இணையும்போது 'பொது' என்பதே தக்கது. வீட்டிலும்கூட, கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பின்னரே 'தனிப்பட்டது' என்பதைத் தொடுங்கள்.

எமக்கு வாய்த்தவர் நேர்மையான பிள்ளை. அது எமது சாமர்த்தியமன்று, அதிர்ஷ்டம். படலைப் பூட்டை இப்போதும் இருமுறை அசைத்துப் பார்க்கிறோம். அதன் பின் கணினியருகேயும் ஒரு கணம் நின்றுவிட்டே படுக்கச் செல்கிறோம்.