நூறு ரூபாயில் ஒரு நல்ல பரிசு

பிறந்தநாள், கல்யாணம், பிரிவு உபசார விழா என்று எது வந்தாலும் நாம் முதலில் ஓடுவது பரிசுக் கடைக்குத்தான். பிளாஸ்டிக் ரோஜா, மினுமினுக்கும் பொம்மை, சுற்றிலும் ஜிகினாத் தாள். தாள் மறுநாளே குப்பைக்குப் போகும். பொம்மை ஆறு மாதத்தில் பரணுக்குப் போகும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. இருந்தும் பரிசு என்று வரும்போது பழைய பழக்கம் நம்மை விடவில்லை.

“இயற்கைப் பொருளா வாங்கினா விலை கட்டுப்படியாகுமா?” என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டிப்ளமோ படிக்கிற நம்ம பாக்கெட்டில் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியாதா! ஆனால் கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டும். பொருள் இயற்கையாக இருந்தால் மட்டும் போதுமா? அதைச் செய்த கைக்கு என்ன கிடைத்தது?

என் அம்மா பனையோலைப் பெட்டி முடைபவர். ஓலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, வாராகக் கிழித்து, கொதிக்கிற சாயத் தண்ணீரில் முக்கி எடுத்து, அதன்பிறகுதான் முடைய உட்கார வேண்டும். பேனா வைக்கிற சின்னப் பெட்டி ஒன்றுக்கு எல்லா வேலையும் சேர்த்து மூன்று மணி நேரம் ஆகும். வியாபாரி தருவது 45 ரூபாய். அதில் ஓலையும் சாயமும் 12 ரூபாய். நாம் வகுப்பில் படித்த எஸ்டிமேஷன் காஸ்டிங் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மீதி 33 ரூபாய், அதாவது மணிக்கு 11 ரூபாய் கூலி! எட்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்தால் 88 ரூபாய். அதே பெட்டி டவுன் கடையில் 180 ரூபாய். பக்கத்தில் பச்சை இலைப் படம் போட்டு ‘இயற்கைக்கு உகந்தது’ என்று ஓர் அட்டை வேறு!

இந்த ஆண்டு இறுதியாண்டு அண்ணன்மார் 40 பேருக்கு நினைவுப் பரிசு வாங்க எங்கள் வகுப்பில் தலைக்கு 100 ரூபாய் என்று கணக்கு வைத்தோம். ஓலைப் பெட்டி கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். “கருப்பட்டி போட்டுக் குடுக்கவால?” என்று ஒருவன் சிரித்தான். அதற்கு நானும் சிரித்துவிட்டேன். “உங்க அம்மாவுக்கு ஆர்டர் பிடிக்கியோ?” என்று இன்னொருவன் கேட்டதுதான் சுருக்கென்றது. நான் சண்டை போடவில்லை. மேலே சொன்ன கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். எங்கள் தெருவில் எட்டுப் பேர் முடைகிறார்கள், ஆளுக்கு ஐந்து பெட்டி, அம்மாவுக்கும் ஐந்துதான் என்றேன். கேட்டவனே முதலில் கை தூக்கினான்.

மொத்தம் 4000 ரூபாய். பாதியை முன்பணமாகக் கொடுத்தோம். “வேலை முடியுமுன்னயே துட்டு தாராகளா?” என்று அம்மா நம்பவே இல்லை. காரணம் இருக்கிறது. ஓலைக்கும் சாயத்துக்கும் வியாபாரியிடம்தான் கடன் வாங்குவார்கள். கடன் வாங்கினால் அவர் சொல்வதுதான் விலை. 1989-இல் தொடங்கிய உலக நியாய வணிக அமைப்பு பத்துக் கொள்கைகள் வைத்திருக்கிறது. கைவினைப் பொருளுக்குச் செய்பவர் கேட்டால் குறைந்தது 50 சதவீதம் வட்டியில்லா முன்பணம் தர வேண்டும் என்பதும் அதில் வருகிறது. அது எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு நன்றாகப் புரிந்தது.

இரண்டு பெட்டி கொஞ்சம் கோணலாக வந்தன; மாற்றித் தந்தார்கள். மணிக்கு 29 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட கூலி நின்றது. இதுவும் பெரிய கூலி இல்லை. ஒரே ஆர்டரில் தெரு மாறிவிடவும் இல்லை. வியாபாரி இன்னமும் 45-தான் தருகிறார். ஆனால் மூன்று வீடுகளில் அடுத்த கட்டு ஓலையைக் கடனில்லாமல் வாங்கியிருக்கிறார்கள்.

எல்லோர் ஊரிலும் பனை இருக்காது. ஆனால் நெசவு இருக்கும், மண்பாண்டம் இருக்கும், மூங்கில் கூடை இருக்கும். நெல்லைப் பக்கம் பத்தமடைப் பாய், காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டுக் கொட்டான். இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. செய்கிறவரைத் தேடிப் போக முடியாவிட்டால் மகளிர் சுய உதவிக் குழுக் கடையில் பாருங்கள். 1935-இல் நெசவாளர் கூட்டுறவாகத் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் கைத்தறித் துண்டு கிடைக்கும்.

நண்பர்களே! அடுத்த முறை பரிசு வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எதனால் செய்தது? யார் செய்தது? அவருக்கு எவ்வளவு போய்ச் சேரும்? பெரிய கடையில் ஒட்டிய விலையைப் பேசாமல் கொடுக்கிற நாம், தரையில் கடை விரித்திருக்கும் அக்காவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். அந்த ஐந்து ரூபாய், முடைகிறவருக்கு அரை மணி நேர உழைப்பு. பேரம் பேசாமல் வாங்குங்கள். கொடுக்கிற நமக்கும் பெருமை, செய்த கைக்கும் மரியாதை!