ஓர் எழுத்தைத் திருத்துவோர்

என் மகள் ஆராய்ச்சிச் சாலையில் சேர்ந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. தலைநகரிலுள்ள ஒரு பல்கலைக் கழகத்தில் மரபணுத் திருத்த ஆராய்ச்சி செய்கிறாள். நம் சங்கத்துக் கூட்டங்களில் அன்பர்கள், "பெண் என்ன செய்கிறாள்?" என்று வினவும்போதெல்லாம், "ஆராய்ச்சி" என்று ஒரு சொல்லில் விடையளித்துப் பேச்சை மாற்றிவிடுவது என் வழக்கம். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியாது. "இன்னுமா முடியவில்லை?" என்ற அடுத்த வினாவுக்கு அஞ்சியதும் உண்டு. 35 ஆண்டுகள் அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். எடுத்த கோப்பு என்றேனும் ஒரு நாள் முடிந்தாக வேண்டும் என்பது என் எண்ணம்.

சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடன் நானும் அங்குச் செல்ல நேர்ந்தது. விடியற்காலைப் பனிமூட்டத்தில் அவளைத் தனியே அனுப்ப மனம் ஒப்பவில்லை. விடுமுறை நாளிலும் வேலையா என்று வழியெல்லாம் குறைகூறிக்கொண்டே சென்றேன்.

"உயிரணுக்களுக்கு ஞாயிறு, திங்கள் தெரியாது, அப்பா. வேளைக்கு ஊட்டநீர் மாற்றாவிட்டால் இறந்துவிடும்" என்றாள்.

உள்ளே நான் எதிர்பார்த்த விந்தை எதுவும் இல்லை. வெண்ணிறப் பெட்டிகள், கண்ணாடிக் குப்பிகள், குறிப்பேடுகள். மணிப்பூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நுண்ணோக்கியில் கண் பதித்து உயிரணுக்களை எண்ணிக்கொண்டிருந்தார். கேரளத்துப் பெண் ஒருத்தி அந்த எண்களைக் குறித்துக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு முதியவர் கண்ணாடிக் கலங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மகள் தன் வேலையை எனக்கு விளங்கும்படி சொன்னாள். மனிதனின் பரம்பரைச் செய்தி ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் கொண்ட நூல் போன்றதாம். அதில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வருவது அரிவாள் இரத்தசோகை. வட்டமான சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்து, தாங்கவொண்ணா வலியைத் தருகின்றன. நம் நீலகிரிப் பழங்குடியினரிடையே இக்குறை இருப்பது 1952-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது என்பதை அன்றுதான் அறிந்தேன். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ஒடிசா ஆகிய பகுதிகளிலும் இந்நோய் மிகுதி.

அந்நூலில் குறித்த இடத்தை வெட்டும் கருவிக்குக் 'கிரிஸ்பர்' என்று பெயர். தம்மைத் தாக்கும் வைரஸ்களை வெட்டியெறியப் பாக்டீரியாக்கள் வைத்திருந்த ஆயுதம் அது. 20 எழுத்துகள் கொண்ட வழிகாட்டி ஒன்றைக் கொடுத்தால், அதற்கு இணையான இடத்தைத் தேடிச்சென்று வெட்டும். இதனை மனிதர் விரும்பியவாறு இயக்கலாம் என்று 2012-இல் காட்டிய ஜெனிபர் டவுட்னா, இம்மானுவேல் சார்பெந்தியே என்னும் இரு பெண்மணிகள் 2020-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

"கருவி கிடைத்துவிட்டதே! பிறகு ஐந்தாண்டுகள் எதற்கு?" என்று கேட்டேன்.

"அதே போன்ற எழுத்துகள் வேறோர் இடத்தில் இருந்தால் அங்கேயும் வெட்டிவிடக்கூடும். வெட்டவில்லை என்று உறுதி செய்வதுதான் எங்கள் பெரும்பாலான வேலை" என்றாள். 2018-இல் சீன விஞ்ஞானி ஒருவர் கருவிலேயே திருத்தம் செய்து, இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். அடுத்த ஆண்டே சிறைத்தண்டனை பெற்றார். கருவில் செய்யும் பிழை வழிவழியாகத் தொடரும் அன்றோ? இவர்கள் கருவைத் தொடுவதில்லை. இரத்த உயிரணுக்களோடு நின்றுவிடுகின்றனர்.

2023-ஆம் ஆண்டு இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் இந்நோய்க்கு இத்தகைய சிகிச்சை ஒன்றை அனுமதித்தன. அது பிழையான எழுத்தைத் திருத்துவதில்லை. தாயின் வயிற்றில் இருந்தபோது இயங்கிப் பிறந்தபின் அடங்கிவிடும் ஹீமோகுளோபினை மீண்டும் எழுப்புகிறது. அமெரிக்காவில் அதற்கு வைத்த விலை 22 லட்சம் டாலர்.

மகள் உள்ளறைக்குச் சென்றபின் முதியவர் என்னருகே வந்தார். இந்தியில் பேசினார். சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு மின்சாரம் நின்று, மாற்று இயந்திரமும் இயங்கவில்லையாம். 37 பாகை வெப்பத்தில் வளர்ந்துகொண்டிருந்த உயிரணுக்கள் அனைத்தும் மாண்டன. என் மகளின் மூன்று மாத உழைப்பு அதில் இருந்தது. வளாகத்திலேயே குடியிருக்கும் அம்முதியவர் நள்ளிரவில் மாணவர்களை எழுப்பி, உறைபெட்டியில் இருந்தவற்றையேனும் அடுத்த துறைக்குத் தூக்கிச் சென்று காப்பாற்றியிருக்கிறார்.

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று மகள் வீட்டுக்கு வந்து, உண்ணாமல் படுத்துவிட்டாள். காரணம் கேளாமல், "போதும் இந்த ஆராய்ச்சி; வேறு வேலை தேடிக்கொள்" என்று நான் கடிந்துகொண்டேன். அவள் மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் புறப்பட்டுச் சென்றாள்.

முதியவர் மேலும் ஒன்று சொன்னார். அவர் சத்தீஸ்கரைச் சேர்ந்தவர். அவருடைய பேரனுக்கே இந்நோய். "உங்கள் மருந்து என் பேரனுக்கு எப்போது கிடைக்கும்?" என்று என் மகளைக் கேட்டாராம். "இந்த அறையிலிருந்து விரைவில் கிடைக்காது, பாபா. இதற்காகக் காத்திருக்காதீர்கள்" என்று சொல்லி, அவரையும் சிறுவனையும் அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருக்கிறாள். அங்குக் கொடுத்த ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையால் பேரனுக்கு வலி வருவது குறைந்திருக்கிறதாம்.

திரும்பும் வழியில், "முதியவரிடம் ஆறுதலாக ஒரு சொல் சொல்லியிருக்கலாகாதா?" என்று கேட்டேன்.

"அடுத்த ஆண்டு கிடைக்கும் என்று சொல்லியிருந்தால், அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன செய்வது, அப்பா?" என்றாள்.

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. மழைக்காலத்தில் நான் சொன்ன சொல்லுக்காக வருந்துவதாக மட்டும் சொன்னேன். "அதை நான் மறந்துவிட்டேன்" என்றாள். மறந்திருக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

ஊரை விட்டு வந்த நம்மில் பலர், பிள்ளைகளின் படிப்பையே நிலபுலனாக எண்ணி வாழ்கிறோம். விளைச்சல் எப்போது என்று கேட்கத் தெரிந்த நமக்கு, வயலை ஒரு முறை சென்று பார்க்கத் தோன்றுவதில்லை. அன்பர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது தம் மக்கள் பணிபுரியும் இடத்திற்கு ஒரு நாள் சென்று வருவார்களாக. இனி எவரேனும் என் மகளைப்பற்றிக் கேட்டால், நான் பேச்சை மாற்றப் போவதில்லை. இன்னும் முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுவேன்.